அருங்காட்சியகத்துக்கு மக்கள் வரும் வழி



பணம் குறைவாகவும் பொருள் நிறைவாகவும் உள்ள ஒரு ஸ்தாபனத்துக்கு ஜனங்களை வரவழைப்பது எப்படி என்ற விஷயத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். நம் ஜில்லா அருங்காட்சியகங்களுள் ஏதேனும் ஒன்றில் அடியெடுத்து வைத்தவர்களுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு அவசியமானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும், ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களின் நடுகற்களும், முதுமக்கள் தாழிகளும், ஓலைச்சுவடிகளும், பாடம் செய்யப்பட்ட பறவைகளும் ஒரே கூரையின் கீழ்க் கூடியிருக்க, அவற்றைப் பராமரிக்க ஒரு காப்பாட்சியரும் இரண்டொரு பணியாளரும் மட்டும் இருக்க, கிடைக்கும் மானியமோ கூரை ஒழுக்கை அடைப்பதற்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் சரியாகப் போக, வாசலில் சீட்டுக் கொடுப்பவர் பிற்பகல் முழுவதும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே பல ஊர்களில் நாம் காணும் காட்சியாக இருக்கிறது.

இந்த நிலைமைக்குப் பரிகாரம் கேட்டால், புதுக் கட்டடம் வேண்டும், குளிர்சாதன வசதி வேண்டும், தொடுதிரைகள் வேண்டும் என்றே பெரும்பாலோர் சொல்லுகிறார்கள். அவை வரும்போது வரட்டும். வந்தால் வேண்டாமென்று சொல்லுபவன் நான் அல்லன். ஆனால் அவை வரும் வரையில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பொருளைக் காட்டி அதன் கதையைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் ஜனங்கள் வருவார்கள். அந்த ஆள் இல்லாவிட்டால் எத்தனை லட்சம் செலவழித்தாலும் ஒரு முறை வந்தவர் மறுமுறை வரமாட்டார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதன் விரிவே.

சென்னை அருங்காட்சியகத்தின் சரித்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். 1851-ஆம் ஆண்டில், கோட்டைக் கல்லூரி என்று வழங்கிய கட்டடத்தின் ஒரு பகுதியில் அது தொடங்கியபோது, அதன் முதல் பொறுப்பாளராக இருந்தவர் எட்வர்ட் பால்பர் என்ற வைத்தியர். வைத்தியத் தொழிலோடு கூடுதலாகவே இந்தப் பொறுப்பையும் அவர் ஏற்றிருந்தார். கற்களும் கனிமங்களும் நிறைந்திருந்த அந்த அருங்காட்சியகத்துக்குப் பொதுஜனங்களை வரவழைக்க வேண்டுமென்ற கவலை அவருக்கு இடைவிடாமல் இருந்தது. மூன்று ஆண்டுகளில் அருங்காட்சியகம் எழும்பூர் பாந்தியன் தோட்டத்துக்கு மாறியது. ஒரு புலியையும் சிறுத்தையையும் உயிரோடு அங்கே வைத்ததும் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வருவதைக் கண்ட அவர், அதையே பற்றுக்கோடாகக் கொண்டு ஒரு மிருகக்காட்சி சாலையை உண்டாக்கினார். பிற்காலத்தில் அது பீப்பிள்ஸ் பார்க்குக்கும், அதற்கும் பின்னால் 1985-இல் வண்டலூருக்கும் போய்ச் சேர்ந்தது. உயிருள்ள மிருகங்கள் இருந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும், பாடம் செய்த உடல்களும் எலும்புக்கூடுகளும் இருந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சென்னை ஜனங்கள் நெடுங்காலம் அழைத்து வந்ததைப் பெரியவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். புலியைப் பார்க்க வந்தவன் அமராவதிப் பளிங்குச் சிற்பத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போனான். பார்வையாளனைக் குறை சொல்லாமல், அவன் எதை விரும்பி வருகிறான் என்று கவனித்து, அந்த விருப்பத்தின் வழியாகவே அவனை உள்ளே அழைத்துச் சென்ற பால்பருடைய மனப்பான்மையை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன்.

காணும் பொங்கலன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் கூடும் கூட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். கிராமத்திலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டு, கட்டுச்சோற்று மூட்டையும் கைக்குழந்தையுமாக வருகிற அந்த ஜனங்களுக்கு அருங்காட்சியகத்தின் பெருமையை யாரும் விளம்பரம் செய்யவில்லை. பண்டிகை நாளில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்ற வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது. இதனால் அருங்காட்சியகத்துக்கு அலங்கோலம் நேர்கிறதென்றும், இவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களே என்றும் படித்தவர்கள் சிலர் சலித்துக்கொள்வது உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நடராஜத் திருமேனியின் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கும் ஒரு கிழவிக்கு, அந்த விக்கிரகத்தோடு உள்ள உறவு நம்மில் பலருக்கு இல்லை. அவள் அறியாதது ஒன்றுதான்: அது எந்த ஊரில், யார் காலத்தில், எப்படி வார்க்கப்பட்டு, எப்படி மண்ணுக்குள் மறைந்து, எப்படி இங்கே வந்தது என்பது. அதை அவளுக்குச் சொல்ல வேண்டிய கடமை நம்முடையது.

அந்தக் கடமையை நாம் எப்படிச் செய்கிறோம் என்பதற்கு நம்முடைய பெயர்ச்சீட்டுகளே சாட்சி. 'விஷ்ணு, கருங்கல், கி.பி. 10-ஆம் நூற்றாண்டு' என்று ஒரு சீட்டு. அடுத்து 'துர்க்கை, கருங்கல், கி.பி. 11-ஆம் நூற்றாண்டு' என்று ஒரு சீட்டு. அலுவலகப் பதிவேட்டுக்கு இது போதும். பார்க்க வந்தவனுக்கு இதனால் என்ன பிரயோஜனம்? விஷ்ணு என்பது அவனுக்கு முன்பே தெரியும். கருங்கல் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பத்தாம் நூற்றாண்டு என்பது அவன் மனத்தில் ஒரு சித்திரத்தையும் எழுப்புவதில்லை. சீட்டைப் படித்துவிட்டு, நின்ற இடத்தில் நில்லாமல் அடுத்ததற்குப் போகிறான். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறான்.

இதற்கு மாறாக ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனுடைய முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு உயிர் நீத்தான்; அவனுக்காக எடுத்த கல் அது. வீரனுடைய உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. அந்த நாய்க்குப் பெயர் உண்டு: கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கெனத் தனியே எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். பல்லவ மன்னன் காலத்தில் ஒரு சிற்றூரில் வாழ்ந்த நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அழியாமல் நமக்கு வந்திருக்கிறது என்று பத்து வயதுப் பையன் ஒருவனிடம் சொல்லிப் பாருங்கள். அவன் அந்தக் கல்லை விட்டு நகரமாட்டான். நாயின் வாய் எங்கே, வால் எங்கே, பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தேடுவான். அந்த எழுத்து ஏன் இப்போதைய தமிழ் எழுத்தைப் போல இல்லை என்று கேட்பான். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால் அருங்காட்சியகத்தின் வேலை பாதி முடிந்தது. இதற்குச் செலவு என்ன? நல்ல தமிழில் எழுதிய எட்டு வரிகளும், அவற்றை அச்சிட ஓர் அட்டையும்தான். எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் எழுத முடியாவிட்டால், மாதம் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதற்கு நன்றாக எழுதலாம். மாதத்தின் சிறப்புப் பொருள் என்று ஒன்றை வைக்கும் வழக்கம் நம் அருங்காட்சியகங்களில் ஏற்கனவே இருக்கிறது. அதைச் சிரத்தையோடு செய்து, உள்ளூர்ப் பத்திரிகை நிருபருக்கும் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பினால், வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை ஊரார் வாயில் அருங்காட்சியகத்தின் பெயர் அடிபடும்.

எழுத்தைக் காட்டிலும் பேச்சுக்கு நம் நாட்டில் வலிமை அதிகம். புராணத்தையும் இதிகாசத்தையும் நம் முன்னோர்கள் ஏட்டில் படித்ததைவிடக் காலட்சேபத்திலும் கூத்திலும் வில்லுப்பாட்டிலும் கேட்டதே மிகுதி. கேட்டு அறியும் பழக்கம் இத்தனை ஊறிப்போன ஒரு ஜனசமூகத்தின் நடுவே, பொருட்களை ஊமையாக நிறுத்திவைத்து, ஏன் யாரும் வரவில்லை என்று வருந்துவது நியாயமாகுமா? எழும்பூரில் வழிகாட்டி விரிவுரையாளர் என்று ஒரு பதவியே உண்டு. சிறிய ஊர்களில் அத்தகைய பதவிக்குச் சம்பளம் ஒதுக்க இயலாமல் இருக்கலாம். ஆயினும் அங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். சரித்திரம் படிக்கும் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். கோயில் கல்வெட்டுகளைப் படியெடுப்பதைத் தம் சொந்த அபிமானத்தினால் செய்துவரும் அன்பர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் இவர்களுள் ஒருவர் கூடத்தில் நின்று பேசினால், முதல் வாரம் ஐந்து பேர் வருவார்கள். அந்த ஐந்து பேரும் வீட்டில் போய்ச் சொல்லுவார்கள்.

கீழடியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கே அழகிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆனால் ஜனங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 2019-இல், ஐந்தாம் கட்ட அகழாய்வு நடந்துகொண்டிருந்தபோதே, தென்னந்தோப்பின் நடுவே வெயிலில் திறந்து கிடந்த குழிகளைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அங்கே பார்ப்பதற்கு இருந்தவை செங்கற்சுவரின் அடித்தளமும் உறைகிணறும் பானை ஓடுகளுமே. பொன்னும் இல்லை, பெரிய சிலையும் இல்லை. தம் மண்ணைப் பற்றிய ஒரு செய்தியைப் பத்திரிகையில் படித்து, தேநீர்க் கடையில் விவாதித்து, அதைக் கண்ணால் காண வேண்டுமென்ற ஆவல் மூண்டவர்களுக்குச் செங்கல்லே போதுமானதாக இருந்தது. கீழடிக்கு உண்டான பிரசித்தி எல்லா ஊருக்கும் உண்டாகாது என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் அதன் மண்ணைப் பற்றிய செய்தி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை ஊராருக்குச் சொல்லுபவர் யார் என்பதே என் கேள்வி.

ஊராரைப் பற்றிப் பேசும்போது தஞ்சைக் கலைக்கூடம் உண்டான வரலாற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கரந்தையில் கேட்பாரற்றுக் கிடந்த பிரமன் சிலையை வெளியூருக்குக் கொண்டுபோகும் முயற்சி நடந்தபோது, ஜனங்கள் கூடித் தடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த டி.கே. பழனியப்பன் அதை அரண்மனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதைத் தொடர்ந்து ஜில்லாவில் ஆங்காங்கே வயலிலும் குளக்கரையிலும் கிடந்த சிலைகளும் அங்கே வந்து சேர்ந்தன. 1951-இல் கலைக்கூடம் பிறந்தது இப்படித்தான். பெரிய தொகை ஒதுக்கித் திட்டம் போட்டுத் தொடங்கிய காரியம் அன்று அது. கேட்பாரற்றுக் கிடந்த சிலைக்கு ஊர் ஜனங்களே கேட்பாராக வந்து நின்றார்கள். இருந்த அரண்மனையே கட்டடமாயிற்று.

அந்தக் கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன மூர்த்தி இருக்கிறார். கி.பி. 1011-இல் அளிக்கப்பட்டதென்று கல்வெட்டினால் தெரியவரும் அந்தத் திருமேனியின் முன் நான் நெடுநேரம் நின்றதுண்டு. பாம்பு சுற்றிய சடையைத் தலைப்பாகைபோல முடிந்துகொண்டு, ஒரு காலை மற்றொரு காலுக்குக் குறுக்கே சாய்த்து, ஒரு கையை மடக்கி எதன்மேலோ ஊன்றினாற்போல அவர் நிற்கிறார். ஊன்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. காளை நின்ற இடம் அது. காளை நமக்குக் கிடைக்கவில்லை. அந்த முழங்கையின் வளைவைப் பார்த்தால் காளையின் உயரமும் அதன் முதுகின் மென்மையும்கூட நமக்குப் புலப்படுகின்றன. இதை யாரேனும் ஒருவர் சுட்டிக்காட்டும் வரையில், 'சிவன், செம்பு' என்று கண்டு நகர்ந்துவிடுபவர்களே மிகுதி.

இந்தத் திருமேனிகளைப் போன்றவை பெரும்பாலும் பூமியிலிருந்து கிடைத்தவை. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ வயலை உழும்போதோ ஒரு விவசாயிக்குக் கிடைக்கும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அவர் தெரிவிக்க, தாசில்தார் வந்து எடுத்துச் செல்ல, அது கலெக்டர் மூலமாக அருங்காட்சியகத்தை அடையும். அதற்குப் பிறகு அந்தக் கிராமத்துக்கும் அந்த விக்கிரகத்துக்கும் உள்ள சம்பந்தம் அற்றுப்போய்விடுகிறது. என் உள்ளத்தை நெடுநாளாக உறுத்திவரும் விஷயம் இது. கண்டெடுத்த ஊரின் பெயரைச் சீட்டின் மூலையில் சிற்றெழுத்தில் எழுதாமல் மேலே பெரிதாக எழுதுங்கள். வருஷத்தில் ஒரு நாளை அந்த ஊருக்கென்று ஒதுக்கி, பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒரு கடிதம் போட்டு, ஊராரைக் கட்டணமில்லாமல் வரவேற்று, அவர்களுடைய பொருளை அவர்களுக்குக் காட்டுங்கள். ஒரு தபால் செலவில் ஒரு கிராமமே வரும். வந்தவர்கள் தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஏட்டையும் அளவுப் படியையும்கூட நாளைக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

பள்ளிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. குழந்தைகளை வரிசையாக அழைத்துவந்து, வாயில் விரலை வைக்கச் சொல்லி, ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பிவிடுவதனால் ஒரு பலனும் இல்லை. இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் 2010 முதல் ஒரு தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடந்து வருகிறது. அங்கே மாணவ மாணவியர் பழைய எழுத்துக்களைப் படிக்கக் கற்று, தங்கள் சுற்றுவட்டாரத்தில் தாங்களே தேடிக் கண்டு எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தையை அருங்காட்சியகத்துக்கு யாரும் அழைத்துவர வேண்டியதில்லை. அது பெற்றோரையே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அமெரிக்காவில் 1909-இல் நியூவார்க் நகர அருங்காட்சியகத்தை நிறுவிய ஜான் காட்டன் டானா என்ற நூலகர், பொருட்களைப் பள்ளிகளுக்கு இரவல் கொடுத்து அனுப்பும் முறையை அங்கே வளர்த்தார். நம்மால் மூலப் பொருளை அனுப்ப முடியாது; பாரிஸ் சாந்தில் வார்த்த பிரதிமைகளையும், ஒரு கல்வெட்டின் மைப்படியையும், சில பானை ஓடுகளையும் ஒரு பெட்டியில் வைத்து அனுப்பலாம்.

இனி நேரத்தைப் பற்றி. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை, மாலை ஐந்து மணிக்குக் கதவடைப்பு என்பது நம் ஜில்லா அருங்காட்சியகங்களில் நெடுநாளாக வேரூன்றிய வழக்கம். இரண்டாம் சனிக்கிழமை உத்தியோகஸ்தர் வீட்டில் இருக்கும் நாள். குழந்தைகளுக்கும் பள்ளி இல்லாத நாள். அன்றைக்குத்தான் நாம் கதவை மூடுகிறோம். உழைப்பாளி வேலை முடிந்து வரக்கூடிய நேரம் மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான், அப்போதும் மூடுகிறோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பொது இடங்களுக்கு ஆடவரோடு வரத் தயங்கிய பெண்களை முன்னிட்டு, சென்னை அருங்காட்சியகத்தில் அவர்களுக்கென்று தனி நாள் ஒதுக்கும் ஏற்பாடு இருந்தது. ஜனங்களின் சௌகரியத்துக்காக ஸ்தாபனம் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதை அப்போதே உணர்ந்திருந்தார்கள். விடுமுறையைத் திங்கட்கிழமைக்கு மாற்றுவதற்கும், வாரத்தில் ஒரு நாளேனும் இரவு எட்டு மணி வரை திறந்து வைப்பதற்கும் புதிய பணியாளர் வேண்டியதில்லை. ஓர் உத்தரவு போதும். ஊர்த் திருவிழாவும் தேரோட்டமும் நடக்கும் நாட்களில் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். 1910-இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. பிரகதாம்பாள் சந்நிதிக்கு வருகிறவர்களுக்கு அது எட்டிய தூரம். கோயிலுக்கு வந்த காலையே அருங்காட்சியகத்துக்கும் திருப்புவது கடினமான காரியமா? தெருமுனையில் ஒரு பலகையும், வாசலில் குடிதண்ணீரும், உள்ளே முதியவர்கள் உட்கார ஒரு பெஞ்சும், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் இருந்தால் போதும். இந்த நான்கும் இல்லாத இடத்தில் வேறு எதைப் பற்றியும் பேசிப் பயனில்லை.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். கதை சொல்லுகிறோம் என்ற உற்சாகத்தில், ஆதாரமில்லாத பெருமைகளைச் சொல்லும் பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. உலகிலேயே முதலாவது, உலகிலேயே பெரியது என்று எதையும் அளந்து பார்க்காமல் சொல்லிவிடுகிறோம். கேட்பவர்கள் அந்தக் கணத்தில் மகிழ்வார்கள். ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் மறுத்தவுடன், நாம் சொன்ன மெய்யும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். எனவே பேச முன்வருகிற அன்பர்களுக்குக் காப்பாட்சியர் முதலில் பாடம் சொல்ல வேண்டும். எது கல்வெட்டில் உள்ளது, எது ஆய்வாளரின் ஊகம், எது ஊரார் வழங்கும் கதை என்று மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழக்க வேண்டும். ஊர்க்கதையை விட்டுவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அதை ஊர்க்கதை என்று சொல்லியே சொல்லலாம். கோவிவன் என்ற நாயின் கதைக்கு ஒரு சொல்லும் கூட்ட வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த அவையில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் பலர் இருப்பதைக் காண்கிறேன். உங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் என்னால் கொடுக்க முடியும், எந்தப் பொருளைப் பற்றி நான் படித்துக்கொண்டு வர வேண்டும் என்று கேளுங்கள். அதிகாரிகளிடம் நான் வேண்டிக்கொள்வது, இரண்டாம் சனிக்கிழமையன்று கதவைத் திறந்து வையுங்கள் என்பது ஒன்றே.